லீபிலோவுக்கு இடமில்லாத அடி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரலாற்றை நான் பக்தியால் எழுதத் தொடங்கவில்லை. குற்ற உணர்ச்சி தாங்காமல்தான் தொடங்கினேன். எங்கள் ஆயர் நெக்தாரியுஸ் எழுதிய ஒரு பாட்டிலிருந்து ஒரு பெயரை நான் எடுத்துவிட்டேன். அவரை அடக்கம் செய்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. நான் அவருடைய திருத்தொண்டன், இருபது வருடம் அவர் சொல்லச் சொல்ல எழுதியவன். பெயர் பிதோலுஸ். மறந்துவிடுங்கள், என் பெயர் முக்கியமில்லை.

2

ஆயர்களின் வரலாற்றை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

‘உயர்குடியில் பிறந்து, பிறப்பைவிட விசுவாசத்தால் உயர்ந்த—’ (என்ன உயர்குடி? அப்பா தோல் பதனிட்டவர்.)

‘தொட்டிலில் கிடந்தபோதே அவர் உதடுகளில் தேனீக்கள் வந்து—’ (எந்தத் தேனீயும் வரவில்லை. அவர் அம்மாவையே கேட்டுவிட்டேன்.)

சரி, எனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். நெக்தாரியுஸுக்கு விலாங்கு மீன் என்றால் உயிர். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் நான்கடியில் ஒரு நன்றிப் பாட்டு உண்டு. மென்றுகொண்டே சொல்லுவார், நான் மெழுகுப் பலகையில் கீறுவேன். அரசருக்கு எழுதியபோது காட்டிய அதே அக்கறையை மீன்காரிக்கு எழுதும்போதும் காட்டுவார். லிகேர் ஆற்றின் இரண்டு கரையிலும் அப்படி லத்தீன் எழுத ஆளே கிடையாது. அடேயப்பா, என்ன கை! வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவருக்குத் தளை தட்டியது.

3

படகுக்காரன் மனைவி விலிதா பிராங்கு இனத்தவள். அவளுடைய பதினொரு வயது மகள் லீபிலோ* பனி உருகி வந்த வெள்ளத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனாள். கல்லறைக் கல்லில் வெட்ட ஆயர் பாட்டு எழுத உட்கார்ந்தார்.

“ஆயர் ஆண்டவரே, இந்தப் பேர் ஆறுசீர் அடியில உக்காராது,” என்றேன். “லீ நெடில், பி குறில், லோ நெடில். ரெண்டு நெடிலுக்கு நடுவுல ஒத்தைக் குறில். நம்ம லத்தீன் யாப்பு ஒத்துக்காதே.”

“ஏன்யா, நான் என்ன நேத்துப் பொறந்தவனா? எனக்குத் தெரியாதா?”

“‘ஆற்றின் மகள்’னு போட்டுடலாமே. அழகா விழும்.”

“ஆத்துக்கா பொறந்தா அவ? அதுதானே அவளைக் கொன்னுச்சு?”

குறிலை நெடிலாக இழுத்து ‘லீபீலோ’ என்று எழுதினார். எனக்கு உடம்பே கூசியது. அவரோ மறுபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, போதும் என்பதுபோல் எழுந்து போனார்.

(* பிராங்குப் பேச்சில் ‘செல்லம்’ என்று பொருள். மொழிபெயர்த்து ‘செல்லம்’ என்றே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முறைத்தார்.)

4

மறு வருட வெள்ளம் கோயில் சுவரோடு அந்தக் கல்லையும் கொண்டுபோய்விட்டது. பாட்டு எங்கள் தோல் ஏட்டில் மட்டும் மிஞ்சியது.

பக்கத்து ஊர் ஆயர் செவேரியான் இங்கே வந்தபோது அதைப் படித்துவிட்டு, ஊர் திரும்பியதும் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உங்கள் ஆயர் ஒரு படகுக்காரப் பெண்ணின் பெயரில் கால் இடறி விழுந்தாராமே!’ நெக்தாரியுஸ் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் இறந்த பிறகு, ஆயர்கள் கூடும் சங்கத்தில் வாசிக்க அவருடைய பாடல்கள் வேண்டும் என்று அதே செவேரியான் ஆள் அனுப்பினார். அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் என் ஆயரைப் பார்த்துச் சிரிப்பார்களா? கத்தியை எடுத்தேன், ஏட்டில் அந்தப் பெயரைச் சுரண்டினேன். ‘ஆற்றின் மகள்’ என்று எழுதினேன். கச்சிதமாக விழுந்தது. அதைப் பார்த்துப் படியெடுத்த பிரதிகள் மூன்று ஊர்களுக்குப் போய்விட்டன.

5

இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

லீபிலோவின் நினைவு நாள். வருடாவருடம் கோயிலில் ஆயர் வாசிக்கும் பாட்டை இந்த முறை நான் ஏட்டைப் பார்த்து வாசித்தேன். முடிந்ததும் விலிதா வந்தாள்.

“சாமி, நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க.”

“இல்லையேம்மா, முழுசாத்தானே படிச்சேன்.”

“எனக்கு லத்தீன் தெரியாது. எம்புள்ளை பேரு தெரியும். அது வரலை.”

“அது… பாட்டுல ஒரு பிழை இருந்துச்சும்மா. ஆண்டவர் அந்தப் பேரை இழுத்து எழுதிட்டார். நான் சரி பண்ணினேன்.”

“இழுத்தா என்ன தப்பு? நானே இழுத்துத்தானே கூப்புடுவேன்? அவ அக்கரையில நிப்பா. வெறுமனே கூப்புட்டா சத்தம் பாதி ஆத்துல செத்துப்போகும்.”

சொல்லிவிட்டு அங்கேயே கூப்பிட்டாள். “லீபீ… லோ!”

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஆயருடைய அறை ஜன்னல் ஆற்றைப் பார்த்தது. லீபிலோ இருந்த நாளில் சாயங்காலமானால் இந்தக் குரல் வரும். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். ‘சனியன், ஒரு அடி முடிக்க விடமாட்டேன்கிறாள்’ என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். அவர் எழுதியது பிழையே இல்லை. அவள் கூப்பிட்டதை அப்படியே எழுதியிருக்கிறார். இருபது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

6

முடிவுகள்.

(அ) மூன்று ஊர்களுக்கும் எழுதினேன், எல்லாரும் திருத்திக்கொண்டார்கள். (எழுதினேன். செவேரியான் பதில் போட்டார்: ‘சரியாக இருப்பதைத் தவறாக்க மாட்டோம்.’ மற்றவர்கள் பதிலே போடவில்லை.)

(ஆ) நெக்தாரியுஸ் கனவில் தோன்றி என்னை மன்னித்து— (தோன்றியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பார்.)

(இ) விலிதா என்னை மன்னித்தாள். (இன்னும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.)

ஆகவே முடிவு உங்களிடம். இந்த ஏட்டை வாசிக்கும் நீங்கள் என்றைக்காவது இதைப் படியெடுக்கப் போகிறவர்தான். பிழையில்லாத அடி மூன்று ஊர்களில் இருக்கிறது. தளை தட்டும் அடி இந்த ஒரு தோலில், நான் சுரண்டிய தழும்பின்மேல் திரும்ப எழுதியபடி, இருக்கிறது:

‘நீர் பறித்த லீபீலோ இங்கே துயில்கிறாள்.’

இங்கே வந்ததும் உங்கள் கை தானாகத் திருத்தப் பார்க்கும். கற்றவர் கை அப்படித்தான். திருத்துவதற்கு முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். எழுந்து நின்று, அக்கரையில் ஒரு குழந்தை நிற்பதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள்.

பிறகு எழுதுங்கள்.