ஃபிளாஸ்கில் பித்தம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு கொலைக் கதை. அப்போது பார்த்து, மொண்டெவிடியோவில் எங்கள் பக்கத்து வீட்டு சுல்மா வந்து, "இன்னிக்கு எங்க லேப்ல என்ன கூத்து தெரியுமா?" என்றாள். பிணம் எழுந்து போய்விட்டது.

முதல் தொடக்கம்: 'கதவு படாரென்று திறந்தது. தரையெல்லாம் ரத்த—'

வேண்டாம். வந்தது பித்தம். இறைச்சிக்கூடத்திலிருந்து வாளியில் வந்த மாட்டுப் பித்தம்.

2.

பித்தக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் உடம்பில் ஒரு வைட்டமின் ஏறாது. அது தண்ணீரோடு ஒட்டாத ரகம். பித்த உப்புக்கோ ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. சோப்புக்கு உறவான இன்னொரு பொருளுக்கும் அதே குணம். இரண்டும் கைகோத்துக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகி, வைட்டமினை நடுவில் ஒளித்துக்கொள்ளும்.* இதுதான் சுல்மாவின் வேலை. மாதக்கணக்கில் பால்போல் கலங்கியே கிடந்த கரைசல், அன்று காலை பளிங்காய்த் தெளிந்தது.

ஆறினால் கெட்டுவிடும். சூட்டுத்தொட்டியோ பழுது. அதனால் ஃபிளாஸ்கில் ஊற்றி, இயக்குநர் வால்டெமாரின் மேசைமேல் வைத்தாள். உருகுவேயில் ஃபிளாஸ்க் என்றாலே மாத்தே என்ற கசப்பு இலைப்பானத்துக்கான வெந்நீர்தான். அங்கே ஒரு ஃபிளாஸ்கை மேசைமேல் வைப்பது என்பது... (உவமை வரவில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

* தண்ணீர் அதிகமானால் உருண்டை உடையும், வைட்டமின் வெளியே வரும், மறுபடி கலங்கும். அடிக்குறிப்புதானே என்று தாண்டாதீர்கள். துப்பாக்கி இங்கேதான் இருக்கிறது.

3.

மருந்தைப் பரிசோதிக்க வரும் அதிகாரி ஒஃபேலியா. தெளிவாக இருந்தால் கையெழுத்து. மருந்து குழந்தைகளுக்குப் போகும். கலங்கியிருந்தால் ஆய்வுக்குப் பூட்டு.

அவளை முதலில் வில்லியாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். "சேச்சே, அந்தம்மா தங்கம். மாத்தேன்னா உயிரை விடும்" என்றாள் சுல்மா. கழற்றிவிட்டேன்.

4.

கண்ணாடிக் குவளை தேடிப்போன சுல்மா திரும்பியபோது, வால்டெமார் ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுரைக்குடுவையிலிருந்த மாத்தே இலைமேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா, என்னா நுரை! டாக்டர், உங்க கையை வெட்டி எடுத்துட்டுப் போகணும்!" என்றாள் ஒஃபேலியா.

"எல்லாம் கைப்பக்குவம், மேடம்."

சுல்மாவின் முறை. மாத்தே சுற்றில் எல்லோருக்கும் அதே குடுவை, அதே உறிஞ்சுகுழல். உறிஞ்சினாள். மாத்தேயும் கசப்பு, பித்தமும் கசப்பு. நாக்கு சாட்சி சொல்லவில்லை. ஆனால் வெறும் வெந்நீருக்கு இப்படி நுரைக்கத் தெரியாதே!

"டாக்டர், அது மேசைமேல இருந்த ஃபிளாஸ்க்கா?"

"பின்னே, கூரைமேலயா இருக்கும்? உனக்குக் கடைசியா குடுத்தேன்னு கோவமா?"

"எனக்கு இன்னொண்ணு" என்று கை நீட்டினாள் ஒஃபேலியா.

மாத்தே சுற்றில் 'நன்றி' என்றால் 'போதும், இனி எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம். சுல்மா கெஞ்சினாள்: "மேடம், தயவுசெஞ்சு நன்றின்னு சொல்லிடுங்க!"

"ஏம்மா, என்னைத் துரத்துறியா?"

5.

முடிவு அ: ஒஃபேலியா வாயில் நுரை தள்ளச் சரிகிறாள். (வைட்டமின் குடித்து யார் செத்தார்கள்? பழக்கதோஷம்.)

முடிவு ஆ: சுல்மா உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.

"அப்ப நான் குடிச்சது மாட்டுப் பித்தமா?"

"குழந்தைங்க மருந்து, மேடம்."

ஒஃபேலியா மூக்கு நுனியில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தாள். "மிச்சம் இருக்கா? குவளையில ஊத்து. தெளிவா இருந்தா கையெழுத்து. இல்லன்னா மன்னிச்சுக்கம்மா."

உயிர் வந்தது சுல்மாவுக்கு. ஃபிளாஸ்கைத் தூக்கினாள். கனத்தது. இவ்வளவு குடித்த பிறகுமா? வால்டெமாரைப் பார்த்தாள்.

"குறைஞ்சு போச்சேன்னு கெட்டில்ல இருந்து கொஞ்சம் வெந்நீர்..."

"கொஞ்சம்னா எவ்வளவு, டாக்டர்?"

6.

அவர் சொன்ன பதிலைச் சுல்மா என்னிடம் சொன்னாள். எழுதினேன். அடித்துவிட்டேன்.

கதையைச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறேன். சுல்மா இன்னும் குவளை தேடிக்கொண்டிருக்கிறாள். ஒஃபேலியா அடுத்த மடக்குக்குக் காத்திருக்கிறாள். எங்கேயோ தொட்டில்களும் காத்திருக்கின்றன. ஃபிளாஸ்க் திறந்திருக்கிறது. வால்டெமாரை எழுப்பிவிட்டேன்; அந்த நாற்காலியில் இப்போது நீங்கள். கெட்டில் உங்கள் கையில்.

பார்த்து ஊற்றுங்கள்.