கிழிய வேண்டிய பை

அருள்ராணி மளிகைக் கடைகளுக்குப் பை போட ஆரம்பித்த நான்காவது மாதம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஆவூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அவளும் கணவன் லியோனும் மக்கும் பை தயாரித்தார்கள். லியோன் ஷார்ஜாவில் பதினோரு வருடம் பிளாஸ்டிக் பை கம்பெனியில் மெஷின் ஓட்டியவன். ஊர் திரும்பியபோது இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. தெரிந்த தொழிலையே வேறு சரக்கில் செய்யலாம் என்று, மரவள்ளி மாவு கலந்த குருணையை வாங்கி, உருக்கி ஊதிப் பையாக்கினார்கள். பார்வைக்கு அசல் பிளாஸ்டிக் போலவே இருந்ததால் சோதனைக்கு வந்தவர்கள் இரண்டு முறை கட்டுக்கட்டாக அள்ளிப் போனார்கள். சான்றிதழ் கிடைக்க எட்டு மாதம் ஆனது. வந்த அன்றைக்கே லியோன் அதைக் கண்ணாடி போட்டு மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டான்.

அப்படிக் கஷ்டப்பட்டுப் பிடித்த கடைகளில் ஒன்று ஆவுடையார்கோவிலில் திருப்பதியின் மளிகை. மழை தொடங்கிய மூன்றாம் நாள் அவர் போன் செய்தார். ஒரு டீச்சர் பஸ் ஏறும்போது பையின் அடி விட்டு, துவரம்பருப்பு முழுக்கப் படிக்கட்டில் கொட்டிவிட்டதாம். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே பருப்பு பொறுக்கினாராம். அருள்ராணி லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு ஓடினாள். திருப்பதி கோபப்படவில்லை. மீதிப் பைகளைச் சாக்கில் கட்டியே வைத்திருந்தார்.

"தங்கச்சி, மழை விட்டதும் வாங்க. இப்ப வேணாம்," என்றார்.

காரணத்தை லியோன் போனிலேயே சொல்லிவிட்டான். ஈரக் காற்றில் குருணை நமத்துப்போய், பையின் ஒட்டு பலமில்லாமல் வந்திருக்கிறது. இனி குருணையைக் காயவைத்துத்தான் மெஷினில் போட வேண்டும். அது சரி, எட்டுச் சாக்கில் திரும்பி வந்த பைகளை என்ன செய்வது?

திரும்பும் வழியில் குடுமியான்மலை அருகே மழை வலுத்தது. ரோட்டோரம் ஒரு நாற்றுப் பண்ணையின் தார்ப்பாய்க்குக் கீழே வண்டியை ஒதுக்கினாள். பண்ணைக்காரி சொர்ணவல்லி, ஐம்பது வயதிருக்கும், தேக்கங்கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கறுப்புப் பைகளில் மண் அடைத்துக்கொண்டிருந்தாள். சாக்கில் என்ன என்று கேட்டாள். அருள்ராணி கூச்சத்தோடு பருப்புக் கதையைச் சொன்னாள். சொர்ணவல்லி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஒரு பையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது மண்ணுக்குள்ள போனா எத்தன நாள்ல மக்கும்?"

"தெரியலைக்கா. மக்கும்னு மட்டும் தெரியும்."

நடவுக்குக் கன்று வாங்குகிறவர்கள் பையைக் கிழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே குழியில் இறக்கிவிடுவதைச் சொர்ணவல்லி சொன்னாள். வேர் உள்ளேயே சுருண்டு கன்று செத்துப்போகும். பழி பண்ணைமீது விழும்.

"கிழியாத பையால நான் படுற பாடு ஒனக்குத் தெரியாது. ஒரு சாக்க எறக்கு," என்றாள்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. பையெல்லாம் கரையான் தின்றுவிட்டது என்றாள். இதுவும் போச்சு என்று நினைத்தபடி அருள்ராணி லியோனையும் அழைத்துக்கொண்டு போனாள்.

பண்ணையில் பைகள் அடியில்லாமல் நின்றன. ஆனால் சொர்ணவல்லி அவர்களை நேரே பின்பக்க வயலுக்குக் கூட்டிப்போனாள். இருபது கன்றுகளை அவள் சாக்கு இறக்கிய மறுநாளே இந்தப் பையில் போட்டு, பையோடு நட்டிருந்தாள். ஒன்றை மண்வெட்டியால் பெயர்த்தாள். பை ஈர அப்பளம்போல் இற்றிருந்தது. வேர்கள் அதைத் துளைத்துக்கொண்டு நாலாபக்கமும் நேராக ஓடியிருந்தன. லியோன் குந்தி உட்கார்ந்து, ஒரு வேரை வெகுநேரம் விரலில் பிடித்திருந்தான்.

"பண்ணையில மூணு மாசம் நிக்கணும். மண்ணுக்குள்ள போனதும் போயிரணும். அப்படி ஒண்ணு செய்ங்க தம்பி. கரையானுக்கு நான் சரளை பரப்பிக்கிறேன்," என்றாள் சொர்ணவல்லி.

அது சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. லியோன் கனத்தைக் கூட்டி அடித்த பை, மண்ணுக்குள் போயும் மழைக்கோட்டு மாதிரி அப்படியே கிடந்தது. குறைத்தபோது ஆறே வாரத்தில் பிளந்தது. மூன்றாம் முறை, பக்கவாட்டில் மட்டும் கனத்தைக் குறைத்து, சின்னச் சின்னத் துளை போட்டான். பங்குனி வெயிலில் தினம் இரண்டு வேளை தண்ணீர் குடித்தும் அந்தப் பை நின்றது. மண்ணுக்குள் இறங்கியதும் இற்றது.

சொர்ணவல்லி தன் பண்ணைக்கு மட்டும் கேட்கவில்லை. மற்ற நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கும் சொல்லி, எல்லாருக்குமாகச் சேர்த்து ஆர்டர் கொடுத்தாள். அடுத்த மழைக்குள் ஆவூர்க் கொட்டகையில் இன்னும் ஐந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மளிகைப் பையும் ஓடியது, மழை மாதங்களைத் தவிர.

லியோனுக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடுமியான்மலைக்குப் போய், மூன்றாம் வரிசை மகாகனிக் கன்றைத் தோண்டி, பை எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பார்ப்பான். ஐந்தாவது வாரம் சொர்ணவல்லி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பை நல்லாத்தான் மக்குது தம்பி. நீங்க தோண்டித் தோண்டிப் பாத்தா கன்னுதான் செத்துரும். இங்கிட்டு வந்து டீ குடிங்க."

கூட வந்திருந்த அருள்ராணி ஏற்கெனவே மூன்று டம்ளர் எடுத்து வைத்திருந்தாள்.