ஏழாவது கருவியின் தட்டல்

பதினோரு மாதம் கடலடியில் கிடந்துவிட்டு வந்த, நில அதிர்வைப் பதியும் பத்துக் கருவிகளில் ஏழாவது மட்டும் தட்டல்களோடு திரும்பியிருந்தது. மற்றவற்றின் பதிவில் அலைகளின் ஓயாத முணுமுணுப்பு ஒரு நடுங்கும் கோடாக ஓடியது. எங்கோ நிலம் நடுங்கினால் கோடு பொங்கி அடங்கியது. ஏழாவதில் இடையிடையே சின்னதாய் ஒரு முள். ஒரு விநாடிகூட இருக்காது. பதிவுகளை ஆராயும் பொறுப்பில் இருந்த இளம் ஆய்வாளர் எண்ணிப் பார்த்தாள்; நாலாயிரத்துச் சொச்சம்.

"போல்ட் லூசா இருந்திருக்கும். அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுட்டு அறிக்கையை முடிங்க" என்றார் ஆய்வக இயக்குநர். அப்படி முடித்தால், கருவிகளைப் பூட்டி இறக்கிய நட்டு அண்ணன் அடுத்த கப்பலில் ஏறப்போவதில்லை என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். சட்டைப்பையில் எந்நேரமும் நாலு நட்டு கிடப்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைப் பலரும் மறந்திருந்தார்கள்.

பட்டறைக்குப் போய் அவரிடமே கேட்டாள். துடைத்துக்கொண்டிருந்த, கருவியை உள்ளே வைத்து மூடும் கண்ணாடிக் கோளத்தை அவர் மெல்லக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்ப்பேன்மா. ஏழாவதைப் பூட்டும்போதுதான் வீட்ல இருந்து போன். மக மாடிப்படியில விழுந்துட்டாளாம். கை வேலை செஞ்சுது, மனசு அங்க இல்ல. என் தப்புன்னே எழுதிடுங்க."

அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் அவளை உறுத்தியது. போல்ட் ஆடினால் நீரோட்டம் வேகமெடுக்கும்போது ஆடும்; இது நீர் அசையாத நேரத்திலும் வந்ததே? ஆறாவது கருவி நானூறு மீட்டர் தள்ளிக் கிடந்தது. அதற்கும் கேட்டிருக்குமோ? அங்கே தேடினால் வெறும் இரைச்சல். ஏழாவது தட்டிய ஒவ்வொரு கணத்தையும் ஆறாவதின் பதிவிலிருந்து வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனாள். இரைச்சல் தனக்குள் அடித்துக்கொண்டு ஓயும். உண்மையில் ஏதாவது இருந்தால் அது மட்டும் வளரும். நூறு கூட்டியும் ஒன்றுமில்லை. ஆயிரத்தில் ஒரு சந்தேகம். மூவாயிரம் தாண்டியதும், தட்டலுக்குக் கால் விநாடி பின்னால், ஒலி நீரில் நானூறு மீட்டர் கடக்க ஆகும் அதே நேரத்தில், கோட்டில் ஒரு சிறு மேடு எழுந்து நின்றது.

அவள் கொண்டுபோய்க் காட்டிய கோட்டை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "லூசான போல்ட் சத்தம் இவ்வளவு தூரம் போகாது" என்றார் கடைசியில். "பதிவு இருக்கட்டும்."

அவள் பட்டறைக்கு ஓடினாள். "அண்ணே, உங்க போல்ட் ஆடல. சத்தம் வெளியில இருந்து வந்திருக்கு. ஆறாவதுக்கும் கேட்டிருக்கு!"

சிரிப்பார் என்று நினைத்தாள். அவரோ நெற்றியைச் சுருக்கினார். "அப்போ தட்டினது யாரு?"

"தெரியலண்ணே. சேத்துக்குள்ள இருந்து வாயு கிளம்பலாம். பாறை கொஞ்சங்கொஞ்சமா விரிசல் விடலாம். யாருக்கும் தெரியல."

பதிவை வேகமாக ஓட்டி, காதுக்கு எட்டும் ஒலியாக்கிக் கொண்டுவந்திருந்தாள். அவர் கையை வேட்டித்துணியில் துடைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். பிறகு, மூலையில் கடைசல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். இயந்திரம் முனகி, மெதுவாகி, நின்றது. அதன் பிறகும் அவர் கையை இறக்கவில்லை.