லீவு நாளில் மாட்டிய மெஷின்

பதினோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் போட்ட முதல் லீவு, ஒரு மெஷினை ஏமாற்றுவதற்காக. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று ட்யூட்டி சார்ட் போடுபவர். டிரைவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தவறவே தவறாது. "தூக்கம் கெட்டவன் கையில ஸ்டியரிங்கைக் குடுக்கலாமா?" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். அந்தச் சார்ட்டில் அவர் பெயர் மட்டும் கிடையாது. அதனால் அவருக்கு ஓய்வும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிவிடுவார்.

போன மாதம் டிப்போ படியேறும்போது நெஞ்சு படபடத்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றைக் கொடுத்தார். நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். இதயம் எப்படித் துடிக்கிறது என்று அது பதிவு செய்யும். "வழக்கம்போல வேலைக்குப் போங்க, அப்பதான் உண்மை தெரியும்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்த மனுஷன், மறுநாள் லீவு போட்டார்!

"டிப்போவுல மாட்டினா தாறுமாறா காட்டும். அப்புறம் வேலைக்கே போகாதேன்னுடுவாங்க. நீ வாயைத் திறக்காதே."

போனையும் அணைத்து வைத்தார். அது அணையும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மகளுக்கு எட்டு வயது. அன்று பள்ளி விடுமுறை. அப்பாவோடு கேரம் ஆடினாள், ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள், மதியம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். ஒயர் கழன்றுவிடாமல் அவளேதான் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து நான் கோபத்தை விழுங்கிக்கொண்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

ரிசல்ட் கேட்க மூவரும் போனோம். "நல்லாத்தானே இருக்கு" என்றார் டாக்டர். இவர் பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"டாக்டர் அங்கிள், இன்னொரு நாளும் அதை மாட்டி விடுங்க. அது இருந்தா அப்பா வீட்லயே இருக்காரு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இவர் தரையைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர், லீவு போட்டுட்டுதான் மாட்டினாரு. நானும் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

"யாரை ஏமாத்துறீங்க சார்? திங்கட்கிழமை திரும்ப மாட்டுங்க. டிப்போவுக்குப் போகணும்."

மகளின் முகம் விழுந்துவிட்டது. "அப்பா வீட்ல இருக்க மாட்டாரா? அப்போ மெஷின் வேணாம்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். கண் கலங்கிய மாதிரிதான் இருந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. டிப்போ.

மகள் தலையில் வைத்த அந்தக் கையாலேயே போனை எடுத்தார்.