இரைச்சல் நீக்கம்

எனக்கு மங்கல் பிடிக்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். ஒரு லென்ஸைப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா?" என்பேன். மாற்றிப் போட்டு, "இல்ல, இதுலயா?" என்பேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே மாதிரி எப்படி இருக்கும்? நன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே. கடை முதலாளி எனக்கு மிளகாய் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார், என் முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே கூப்பிடுவார்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர். பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டியவர்களிடம்கூட, சுவர் எங்கேயும் ஓடிவிடாது, மெதுவாகப் பின்னால் எடுங்கள் என்று சொல்கிற மனுஷன். அவருக்கு நாற்பத்தொன்பது வயதில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் போயின. கை இரண்டு மாதத்தில் ஓரளவுக்குத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் நாற்பது நிமிடம், வீடியோ அழைப்பில். ஆறு வாரம் பார்ப்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சியை நீட்டிப்பார்கள். தெரியாவிட்டால் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு அந்த நேரம் போய்விடும்.

முதல் வாரம் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு டம்ளர் படத்தைக் காட்டி, இது என்ன என்று அவரைக் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் டம்ளர் என்றேன். அடுத்து சாவி. அதையும் நானே சொன்னேன். நான்காவது படத்தில் அவள் பொறுமையாகச் சிரித்துவிட்டு, "மேடம், நீங்க பக்கத்துல இருந்தா சார் பேச வேண்டிய அவசியமே இல்ல. அடுத்த வாரத்துல இருந்து வீட்டுக்கு வெளியில இருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

அழைப்பை முடிக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். எங்கள் பக்கம் ஒரே இரைச்சலாக இருக்கிறதாம். சாரிடமிருந்து ஏதோ குரல் வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் மின்விசிறிச் சத்தத்திலும் தெருச் சத்தத்திலும் அதைப் பிரித்துக் கேட்க முடியவில்லையாம். என் காதில் எதுவும் விழவில்லை, நான்தான் பேசிக்கொண்டே இருந்தேனே.

போதாதா? என் கை சும்மா இருக்குமா? எங்களிடம் இருப்பது பழைய லேப்டாப். மைக்கும் ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருப்பவை. ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருப்பதால் பேசுகிறவர் டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். கொழுந்தனுக்குப் போன் போட்டேன். அவர் கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவர். தனியாக ஒரு மைக் வாங்கிவிடுங்கள் அண்ணி என்றார். இருப்பதை வைத்தே சரிசெய்து காட்டுகிறேன் என்றேன். எனக்கு வீம்பு என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

லேப்டாப்புக்கு அடியிலிருந்த மேசை விரிப்பை உருவிப் போட்டேன். இரண்டு ஓரத்திலும் தடித்த புத்தகம் வைத்துத் தூக்கி நிறுத்தினேன், ஸ்பீக்கருக்கு மூச்சு வந்தது. ஒலிக்கான டிரைவர் என்கிற மென்பொருள் பழையது, அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றார் கொழுந்தன். எங்கள் வீட்டு டிரைவரைப் புதுப்பிக்கத்தான் ஆஸ்பத்திரிக்கு அலைகிறோம் என்றேன். கட்டிலில் இருந்த மாஸ்டர் தோள் குலுங்கச் சிரித்தார். கடைசியாக ஒலி அமைப்புகளுக்குள் போய், இரைச்சல் நீக்கம் என்று இருந்ததை இயக்கி, அதன் அளவை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பேசிப் பதிவு செய்து கேட்டேன். மின்விசிறி இல்லை, தெரு இல்லை, என் குரல் மட்டும் மணி மணியாக வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை அளக்கக் கோல் கிடையாது.

இரண்டாவது வாரம் அந்தப் பெண்ணே பாராட்டினாள். ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்லை, அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றாள். நான் நிம்மதியாக வெளியே போனேன்.

நிம்மதி என்று சொல்லக் கூடாது. தெருமுனை வரை போவேன், திரும்புவேன், மறுபடியும் போவேன். இஸ்திரி போடுகிறவர் என்னம்மா தொலைச்சீங்க என்றுகூடக் கேட்டுவிட்டார். மணியைப் பார்த்தால் ஏழு நிமிடம்தான் ஆகியிருக்கும். உள்ளே ஒரு சொல்லாவது வந்திருக்குமா என்று அடித்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் முடிந்து ஓடினால், அவர் நெற்றி வேர்த்து நாற்காலியில் சாய்ந்திருப்பார். சாயங்காலம் என் போனுக்கு அறிக்கை வரும். ‘வாய் அசைகிறது. குரல் எழுப்பவில்லை.’ அடுத்த வாரமும் அதேதான். நான்காவது வாரம், ‘குரல் எழுப்பும் முயற்சி தெரியவில்லை’ என்று வந்தது.

முயற்சி தெரியவில்லை என்ற இரண்டு சொல் எனக்குள் கிடந்து அரித்தது. கடையில் ஒருவருக்கு எழுத வேண்டிய பவரை இன்னொருவருக்கு எழுதினேன். சோறு இறங்கவில்லை. வீட்டிலும் அவர் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவார், பாதி காட்டும்போதே நான் எழுந்து போய் எடுத்து வந்துவிடுவேன். ஐந்தாவது வாரமும் அதே அறிக்கை. அடுத்த செவ்வாயோடு முடிந்தது.

அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது என்னால் அடக்க முடியவில்லை. "எல்லாம் புரியுதுல்ல உங்களுக்கு? அந்தப் பொண்ணு அவ்வளவு கேட்டும் ஒரு சத்தம் போட மாட்டேங்கிறீங்க. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இடது கையால் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அள்ளி எடுத்துக்கொள்ள முடிகிறதா, கொட்டிய சொல்லை?

மறுநாள் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். தெருவில் இறங்கக் கால் வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே, செருப்பை மாட்டியபடி நின்றேன்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. முதல் கியரில் மேடு ஏறும் வண்டி மாதிரி, அடிவயிற்றிலிருந்து, நீளமாக. ஆ என்றா, ஓ என்றா, பிரிக்க முடியவில்லை. ஆனால் அது என் வீட்டுக்காரர் குரல். மூன்று மாதமாக நான் கேட்காத குரல்.

சத்தம் நின்றதும் அந்தப் பெண் பேசினாள். "சார், வாய் மட்டும்தான் அசையுது. குரல் வரல. இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணுங்க."

அவர் மறுபடியும் குரல் கொடுத்தார். முன்பைவிடப் பலமாக. கதவே அதிர்ந்த மாதிரி இருந்தது.

"வரலையே சார்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். "இவ்வளவு சத்தமா கத்துறாரு, உங்களுக்குக் காது கேக்காதா?"

அவள் திடுக்கிட்டாள். "கேக்குதே மேடம். நீங்க பேசுறது ரொம்பத் தெளிவா கேக்குது."

நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. கேட்காமல் என்ன? என் பேச்சை வைத்துத்தானே அதைச் சரிபார்த்தேன். சொல்லாக வருகிற என் குரலை வைத்துக்கொண்டு, சொல் இல்லாத மற்றதையெல்லாம் துடைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் இருந்ததோ சொல் இல்லாத குரல் மட்டும்தான். ஒரே சீராக வரும் அந்தக் குரலும் விசிறிச் சத்தமும் இந்த இயந்திரத்துக்கு ஒன்றுதான். பதினாறு வருடத்தில் ஒருவருடைய கண்ணாடியை என் மூக்கில் மாட்டிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருப்பேனா? அதைத்தான் என் வீட்டுக்காரருக்குச் செய்திருக்கிறேன்.

அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தினேன். அந்தப் பக்கம் அவள் முகம் சுளித்துக் காதைத் தொட்டாள். விசிறி, தெருவில் போகும் வண்டி, யாரோ பாத்திரம் தேய்ப்பது, எல்லாம் ஒன்றாகப் போய் அவள் காதில் விழுந்திருக்கும்.

"இப்ப குரல் கொடுங்க" என்று அவரிடம் சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு தடவைங்க."

அவர் குரல் கொடுத்தார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஐந்து வாரமாக இப்படித்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டாள். மாஸ்டர் தலையை ஆட்டினார். மறுபடியும் மறுபடியும் ஆட்டினார். தன் அறிக்கைகள் எல்லாமே தப்பு, இன்றைக்கே மாற்றி எழுதுகிறேன், பயிற்சி நிற்காது, நிற்க விடமாட்டேன் என்றாள் அவள்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "தப்பு என்னோடதுங்க. நான்தான் உங்க குரலை அழிச்சுட்டு, நீங்க முயற்சியே பண்ணலன்னு உங்களைத் திட்டுனேன்."

அவர் என்னைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஒரு தடவை கடிந்து பேசாத மனுஷன், அந்த ஒற்றை ஒலியை ஏற்றியும் இறக்கியும், கையால் மேசையைத் தட்டியும், என்னைத் திட்டினார். டம்ளருக்கும் சாவிக்கும் திட்டினார். நேற்று சாப்பிடும்போது நான் கொட்டிய சொல்லுக்குத் திட்டினார். ஒரு சொல் இல்லை, எனக்கு ஒன்றுகூடப் புரியாமலும் இல்லை. கண்ணீர் அவருக்கும் வந்தது, எனக்கும் வந்தது.

நடுவில் வாயைத் திறக்கப் போனேன், பழக்கதோஷம். திரையிலிருந்து அந்தப் பெண், "மேடம், பேசாதீங்க" என்றாள். அவரிடம் மெதுவாக, "நிறுத்தாதீங்க சார், நல்லா வருது. இன்னும் திட்டுங்க" என்றாள்.

இருபது நிமிடம் மீதி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு, அத்தனையையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.