பொட்டு வைத்த மெஷின்

பஞ்சாலைத் தூசு தவசியின் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் ஆள் நடமாடுவார், இல்லாவிட்டால் சிரமம் என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். புதிது வாங்க வழியில்லை. தம்பி பொன்ராஜின் செல்போனில் பழைய சாமான் விற்கிற பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள் தவசியின் பெண்சாதி முத்துத்தாய்.

முதலில் வந்தது பரளச்சி ஊர் ராக்கம்மாள் என்பவளின் மெஷின். ‘என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மெஷின் நன்றாக ஓடுகிறது. நேரில் வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.’

“பக்கத்துலதானக்கா. பஸ்ஸுல போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்.”

“கூறுகெட்டவனே. செத்தவுக மூக்குல கெடந்ததை ஒங்க மச்சான் மூக்குல மாட்டச் சொல்றியா? தள்ளுடா.”

அடுத்தது எங்கோ வெளியூர். மெஷினின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ‘அப்பா பூரண குணமாகிவிட்டார். அதனால் கொடுக்கிறோம்.’ முத்துத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

“இதை அனுப்பச் சொல்லுடா. கொணமான வீட்டுச் சாமான். அந்த ராசியும் கூட வரும்.”

“ஓட்டிப் பாக்காமயா?”

“பொட்டு வச்சுக்கிட்டு யாரும் பொய் சொல்லுவாகளா?”

பார்சல் வந்தது. சூடம் காட்டித்தான் சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. வீடே அதிர்ந்தது.

“ஏ புள்ள, மாவு மில்லு கணக்கால்ல இருக்கு. ரெண்டு படி கம்பைக் கொட்டிப் பாரு” என்றார் தவசி, குழாயை மாட்டிக்கொண்டே.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க அவர் விரலில் மாட்டிய கிளிப்பில் எண் ஏறவில்லை. கிளிப்புதான் கோளாறு என்று நினைத்தாள் முத்துத்தாய். பேட்டரி மாற்றினாள், வேறு விரலில் மாட்டினாள். மெஷின் மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நகமெல்லாம் மை தொட்டதுபோல் கறுத்த பிறகுதான் பொன்ராஜ் ஆக்சிஜன் சிலிண்டர் கடைக்காரரைக் கூட்டிவந்தான். அவர் குழாய் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“காத்து வருது தாயி. ஆக்சிஜன் வரல. இது வெறும் ஃபேனு.”

ஆம்புலன்ஸ் பாளையம்பட்டி தாண்டுவதற்குள் தவசி போய்விட்டார்.

கருமாதி முடிந்தது. பொன்ராஜ் மெஷினைத் துடைத்து, புதிதாகக் குங்குமம் வைத்து, செல்போனை எடுத்தான்.

“போட்டதுல பாதியாவது வரட்டும்க்கா. ஆளு கொணமாயிட்டாருன்னு போடுறேன். இல்லாட்டி எவன் வாங்குவான்?”

முத்துத்தாய் அவன் முகத்தையே பார்த்தாள். அந்த வெளியூர் வீட்டிலும் இப்படித்தான் ஒரு தம்பி உட்கார்ந்திருப்பான். அந்த அப்பாவும் குணமாகியிருக்க மாட்டார். எழுந்து வந்து முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

“இதைக் கொண்டுபோயி ஒடச்சுப் போடு.”

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“பரளச்சி மெஷினு இன்னும் கெடக்காடா?”

அவன் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

“கெடக்குக்கா. ஒருத்தரும் கேக்கல.”