இடப்பக்க வயலின்கள்

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டியவன் பிறகு அதைத் தொடவே இல்லை. காது வியர்க்கிறது என்றான். தங்கை நம்பியது போல இருந்துவிட்டாள். அவனுக்கு ஒரு கடும் காய்ச்சல் வந்துபோன பிறகு, இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவன் வலப்பக்கம் திரும்பித் தேடுவதை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள்.

படங்களுக்குப் பின்னணி இசை அமைப்பவன் அவன். அவன் எழுதுவதை வாசிக்க, கணினிக்குள் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைப்பது அவள் வேலை. வயலின்கள் இடப்பக்கம். கனத்த குரலுள்ள செல்லோவும் பேஸும் வலப்பக்கம். கொம்புகள் பின்னால், சுவரை ஒட்டி. ஆளே இல்லாத மேடைதான். ஆனாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டிக் காட்ட முடிய வேண்டும்.

அவளுடைய இடக்கைக்கு ஒரு சிறு சக்கரம் உண்டு. அதை மேலே உருட்டினால் கம்பியில் வில் அழுந்தும். ஒலி பெருகுவதோடு அதன் நிறமும் மாறி, கூர்மையாகும். பக்கத்திலிருக்கும் ஃபேடரை ஏற்றினாலோ சத்தம் மட்டும்தான் கூடும். பிறர் செய்த இசையில் இந்தத் தப்பைக் கேட்டால் அண்ணன் விடவே மாட்டான். "மெதுவா வாசிச்சதைச் சத்தமா வச்சா கோபம் வந்துடுமா? ரகசியம் பேசறவன் காதுக்குள்ள ஏறி உக்காந்த மாதிரி இருக்கு!" என்று சிரிப்பான்.

இப்போது அவனே ஃபேடரை ஏற்றினான்.

"வயலின்காரங்க எங்க? தூங்கறாங்களா?"

ஏற்றியும் போதாமல் அவர்களை இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தான். வயலின்கள் செல்லோக்காரர்களின் மடியில் போய் விழுந்தன. அவள் அதை அப்படியே சேமித்தாள். அவன் எழுந்து போனதும் வயலின்களை அவர்கள் இடத்தில் உட்காரவைத்து, வேறொரு கோப்பாகச் சேமித்து அனுப்பினாள். அறையில் அவன் கேட்க ஒன்று, வெளியே அனுப்ப ஒன்று. மூன்று படங்கள் அப்படியே போயின. இசையமைப்பாளருக்கு ஒரு காதுதான் என்று தெரிந்தால் சோப்பு விளம்பரம்கூடத் தேடி வராது.

நான்காவது படத்தின் இயக்குநர் நேரில் வந்துவிட்டார்.

"அனுப்பினதைக் கேட்டேன் மாஸ்டர். அந்த அம்மா சாகற சீனை மட்டும் உங்க ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்" என்று சோபாவில் சாய்ந்தார்.

அண்ணனின் கை அறைக்கான கோப்பை நோக்கிப் போனது. இயக்குநருக்கு அனுப்பியது அது அல்ல.

"நான் போடறேன்ணா" என்று அவள் முந்திக்கொண்டு மற்றதைத் திறந்தாள்.

நாற்காலிக் கையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த அவன் விரல் பாதியில் நின்றது. அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியில அந்த வயலின் வருது பாருங்க, யாரோ வாசல்ல வந்து நிக்கற மாதிரி! உங்க காதே காது, மாஸ்டர்" என்றார் இயக்குநர்.

"அதை வச்சுதானே சார் பொழப்பே ஓடுது" என்று அவன் சிரித்தான்.

அண்ணன் அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். அவன் ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்தான்.

"எத்தனை படமா இது நடக்குது?"

"இதோட நாலு."

"எங்கிட்ட சொல்லல."

"நீயும்தான் சொல்லல."

ஹெட்போனைப் பக்கம் மாற்றித் தலையில் மாட்டினான். இடது என்று குறியிட்ட பக்கம் அவனுடைய வலது காதில் இருந்தது. முழுக்கக் கேட்டான். கழற்றிச் சரியாக மாட்டி, மறுபடி கேட்டான்.

"அப்படிப் போட்டா வயலின் இருக்கு, செல்லோ இல்ல. இப்படிப் போட்டா..."

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் பொத்தானை அவள் அழுத்தினாள். கொஞ்ச நேரம் கேட்டான்.

"எல்லாரும் ஒரே கதவுல அடைச்சிக்கிட்டு நிக்கறாங்க. அணைச்சிடு."

அவள் பொத்தானை விடுவித்தாள். பிறகு அவன் எழுந்தான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் இருந்த தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, இயக்குநர் உட்கார்ந்திருந்த சோபாவில் போய் உட்கார்ந்தான்.

"நீ அங்க உக்காரு. போடு."

உட்கார்ந்தாள். போட்டாள். கடைசி வயலின் தேய்ந்து நின்ற பிறகும் அவளால் திரும்ப முடியவில்லை.

"எப்படி இருக்குண்ணா?"

பின்னால் சோபா கிறீச்சிட்டது.

"கடைசியில அந்த வயலின்" என்றான், "யாரோ வாசல்ல வந்து நிக்கற மாதிரி இருக்கு."